திரைச்சீலையிலிருந்து டின்ட் பிலிம் வரை: நம் தீவகத்துக் கார்க் கண்ணாடியின் கதை

 

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

விடுமுறை நாளில் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போனால் வான்கள் வரிசையாக நிற்பதைக் காணலாம். நயினாதீவு அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் போனவர்கள் படகில் திரும்பி வரும்வரை அவை வெட்டவெளியில் வெயில் காயும். அனேகமானவற்றின் பின்பக்கக் கண்ணாடிகள் கறுப்பு. இப்போது நம் ஊர்க் கார்களும் அப்படி மாறி வருகின்றன. "டின்ட் அடிக்க எது நல்லது? எத்தனை வீதம் போடலாம்?" என்பது இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி.

பதில் கீழே இருக்கிறது. அதற்கு முன் இந்தக் கறுப்பு நம்மிடம் எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். வேறு ஊர்களில் டின்ட் என்றால் வெயிலும் விலையும்தான் பேச்சு. நம் மண்ணில் கறுப்புக் கண்ணாடிக்கு இன்னொரு நினைவும் உண்டு. அது தெரியாத தலைமுறை இப்போது ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் எடுக்கும் வயதுக்கு வந்துவிட்டது.

துணி மறைத்த காலம்

கார் வருவதற்கு முன்பே வாகனத்துக்குத் திரை இருந்தது. பல்லக்குக்கு இருந்தது, கூடார வண்டிலுக்கும் இருந்தது. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள் பயணம் போகும்போது வண்டிலின் முன்னும் பின்னும் சீலை கட்டுவது வழக்கம். வசதியான சைவக் குடும்பங்களிலும் இப்படி மறைத்த வண்டில்கள் இருந்தன. கார் வந்தபோது அந்தச் சீலை காருக்குள் ஏறியது. கண்ணாடிக்கு மேல் ஒரு கம்பி, அதில் சுருக்கம் வைத்த துணி, தேவைப்பட்டால் இழுத்துவிடலாம், அவ்வளவுதான்.

இந்தியாவின் சமஸ்தானங்களில் இதையே பெரிய செலவில் செய்தார்கள். அரண்மனைப் பெண்களுக்கென வாங்கிய கார்களுக்குத் திரையோ இருண்ட கண்ணாடியோ போடுவித்தார்கள். உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம், வெளியே நிற்பவர் உள்ளே பார்க்க முடியாது. இன்று டின்ட் கடையில் 'பிரைவசி' என்று சொல்லி விற்பதும் இதைத்தான்.

'ஹிஜாப்' என்ற அரபுச் சொல்லின் முதற்பொருள் திரை, மறைப்பு என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்காமல் நுழையக் கூடாது என்ற ஒழுக்கமும் நமக்குச் சிறு வயதிலேயே சொல்லித் தரப்பட்டது. ஆகவே மறைவு வேண்டும் என்று நினைப்பதைக் குற்றமாக நாம் பார்க்கவில்லை. அந்தக் காலத்துத் திரைக்கு ஒரு குணம் இருந்தது. வண்டிலை ஓட்டுபவர் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தார். யாருடைய வண்டில், எந்த வீட்டுக்குப் போகிறது என்பதும் ஊருக்குத் தெரியும். திரை உள்ளே இருப்பவரைக் காத்தது, வெளியே நின்றவரைப் பயமுறுத்தவில்லை.

பிளாஸ்டிக் வந்த வழி

1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இரு இரசாயனவியலாளர்கள் பொலியெஸ்டர் வகை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நம் அப்பாமார் ஆசையோடு தைத்துப் போட்ட டெரிலின் சட்டை அதிலிருந்து வந்தது. இன்று நம் கரைகளில் ஒதுங்கிக் கிடக்கும் தண்ணீர்ப் போத்தலும் அதே பொருள்தான். அதையே மெல்லிய தகடாக இழுத்தால் டின்ட் பிலிம் கிடைக்கிறது. சீலைக்குப் பதில் வந்த பிலிமும் ஒருவகையில் சீலைக்குச் சொந்தம்தான்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் பச்சைச் சாயல் கலந்த கண்ணாடியைக் கார்களுக்குப் போடத் தொடங்கியது. அது கண்ணாடியை வார்க்கும்போதே சேர்த்த நிறம். கண்ணாடியில் பிறகு ஒட்டும் பிலிமுக்கு 1966இல் த்ரீ எம் நிறுவனம் காப்புரிமை பெற்றது. முதலில் கட்டட யன்னல்களை நினைத்துச் செய்தார்கள். உலோகப் பூச்சுள்ள பிலிம் வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பதே அடிப்படை எண்ணம். கார்களுக்கு அது பரவியபோது நிறமூட்டிய மலிவுப் பிலிம், உலோகப் பிலிம், கார்பன் பிலிம், பிற்காலத்தில் செரமிக் பிலிம் என்று வகைகள் பெருகின.

அந்தக் காலத்தில் நம் வீதிகளில் ஓடியவை ஒஸ்டின் ஏ 40, ஏ 55 கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர், ஒக்ஸ்போர்ட். கண்ணாடி தெளிவு, ஏசி கிடையாது. வெயிலுக்கு மருந்து, ஷட்டரை இறக்கிவிடுவதுதான். பண்ணைத் தாம்போதியில் ஏறினால் கடற்காற்று தானாகவே உள்ளே வரும். இறக்கிய கண்ணாடி இன்னொரு வேலையையும் செய்தது. எதிரே வருபவரோடு இரண்டு வார்த்தை பேச முடிந்தது.

யுத்தமும் மண்ணெண்ணெயும்

1990இல் எல்லாம் மாறியது. பெற்றோல் தடை வந்தது. யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகை கக்கிக்கொண்டு ஓடிய காலம் அது. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியால அவகாசம் தந்து வெளியேறச் சொன்னார்கள். வீடும் கடையும் நகையும் போல வாகனங்களும் பறிபோயின. தீவகத்தின் தமிழ் உறவுகளும் அந்த ஆண்டுகளில் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தார்கள். இருபது வருடத்துக்குக் கிட்ட நம் வாகனங்களின் கதை சோதனைச் சாவடிகளின் கதைதான். கண்ணாடியை இறக்கு, உள்விளக்கைப் போடு, இறங்கி நட. நம் கண்ணாடி எப்போதும் தெளிவாக இருக்க வேண்டும், எங்களைப் பார்ப்பவர்களின் கண்ணாடி அப்படி இருக்கத் தேவையில்லை என்பது அந்தக் காலத்தின் எழுதாத சட்டம்.

ஜப்பானின் கறுப்பு

2002இல் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் ஏ 9 பாதை திறந்தது. கொழும்பிலிருந்து ஜப்பானின் பாவித்த வாகனங்கள் வரத் தொடங்கின. டொல்பின் என்று நாம் சொல்லும் டொயோட்டா ஹயேஸ் வான் அவற்றில் முக்கியமானது. அந்த வான்கள் பலவற்றின் பின்பக்கக் கண்ணாடி வரும்போதே இருண்டிருந்தது.

காரணம் ஜப்பானியச் சட்டத்தில் இருக்கிறது. அங்கே முன்கண்ணாடியும் சாரதியின் இருபுறக் கண்ணாடிகளும் ஒளியில் குறைந்தது நூற்றுக்கு 70ஐ உள்ளே விட வேண்டும். பின் ஆசனப் பகுதிக்கு அந்த எல்லை இல்லை. ஆகவே தொழிற்சாலையிலேயே பின்கண்ணாடிகளுக்கு இருண்ட நிறம் கலந்தார்கள். அங்கே அது குழந்தை தூங்கவும் பொருட்கள் மறைந்திருக்கவும் ஒரு வசதி.

இங்கே வந்ததும் அதன் பொருள் மாறியது.

வெள்ளை வான்

2006இல் யுத்தம் மீண்டும் மூண்டு ஏ 9 மூடப்பட்ட பின் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஒரு சொல் பரவியது. வெள்ளை வான். இலக்கத் தகடு இல்லை, கண்ணாடி கறுப்பு, உள்ளே எத்தனை பேர் என்று தெரியாது, கதவு திறந்து மூட ஒரு நிமிடம். அதில் ஏற்றப்பட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை. 1980களின் கடைசியில் தெற்கில் ஜேவிபி கிளர்ச்சிக் காலத்தில் சிங்களத் தாய்மாரும் இலக்கத் தகடற்ற வாகனங்களைக் கண்டு இதே பயத்தில் வாழ்ந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

ஹியூமன் ரைட்ஸ் வோட்ச் 2008 மார்ச்சில் இந்தக் காணாமலாக்கல்கள் பற்றித் தனி அறிக்கை வெளியிட்டது. யுத்தம் முடிந்தபின் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன்னால் நூற்றுக்கணக்கில் உறவுகள் வந்து சாட்சி சொன்னார்கள். 2016இல் காணாமற்போனோர் அலுவலகச் சட்டம் நிறைவேறியது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரம் உட்கார்ந்து தொடங்கிய போராட்டம் எவ்வளவு நீண்டது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

இதில் கண்ணாடிக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். யோசித்துப் பாருங்கள். ஒரு குற்றத்துக்குச் சாட்சி வேண்டும் என்றால் யாராவது ஒரு முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி முகத்தை இல்லாமல் செய்தது. மிஞ்சியது வானின் நிறம் மட்டும். வாக்குமூலங்களில் "ஒரு வெள்ளை வான்" என்றே எழுத முடிந்தது. அதே மாதிரி வானில்தான் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடமும் போனார்கள், கல்யாணத்துக்கும் போனோம். அதனால் ஒழுங்கை முனையில் ஒரு வான் வந்து நின்றாலே வீடுகளில் விளக்கு அணைந்த காலம் ஒன்று இருந்தது. பழைய சீலை உள்ளே இருந்தவரைக் காத்தது. இந்தக் கறுப்பு வெளியே நின்றவரிடமிருந்து நியாயத்தைப் பறித்தது.

கடல் தாண்டி ஒரு தீர்ப்பு

இந்தியாவில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது. அங்கே 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆம் விதி ஏற்கனவே இருந்தது. முன், பின் கண்ணாடிகள் ஒளியில் குறைந்தது நூற்றுக்கு 70ஐயும், பக்கக் கண்ணாடிகள் 50ஐயும் விட வேண்டும் என்பது அந்த விதி. கறுப்பு பிலிம் ஒட்டிய கார்களில் குற்றங்கள் நடக்கின்றன என்று அவிஷேக் கோயங்கா என்பவர் பொதுநல வழக்குப் போட்டார். 2012 ஏப்ரல் 27இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண்ணாடி தயாரிக்கும்போதே எல்லைக்குள் நிறம் சேர்க்கலாம், ஆனால் பிறகு எந்தப் பிலிமும் ஒட்டக் கூடாது, மே 4 முதல் அமுல் என்றது. சென்னை உட்படப் பல நகரங்களில் பொலிசார் வீதியில் வைத்தே பிலிமை உரித்தார்கள். உயர் பாதுகாப்பு உள்ள சிலருக்கு மட்டும் விலக்கு இருந்தது.

பின்னர் விதி திருத்தப்பட்டது. 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், அதே 70, 50 எல்லைக்குள் நிற்கும் பிலிமை ஒட்டலாம் என்று சொன்னது. பன்னிரண்டு வருட விவாதத்தில் மாறாமல் நின்றவை அந்த இரண்டு எண்களும்தான். வெயிலைத் தடுக்கும் உரிமை உனக்கு உண்டு, முகத்தைத் தெருவிலிருந்து முழுதாக மறைக்கும் உரிமை இல்லை என்பதே அவற்றின் பொருள்.

ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும்

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின், ஏப்ரல் 29இல் அவசரகால விதியின் கீழ் முகம் மறைக்கும் உடைக்குத் தடை வந்தது. அந்தக் கொடுமையில் இறந்தவர்களுக்காக நாமும் அழுதோம், அந்த நேரத்தின் பயத்தையும் புரிந்துகொண்டோம். ஓகஸ்ட்டில் அவசரகாலம் முடிய அந்தத் தடையும் முடிந்தது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் முகம் மூடாமல் தலையை மட்டும் மூடிய நம் சகோதரிகளும் பஸ்ஸிலும் கந்தோரிலும் சந்தேகப் பார்வையைச் சுமந்தார்கள்.

நம் மனதில் எழுந்த கேள்வி இது. ஒரு பெண்ணின் முகத்தில் இருந்த ஒரு முழத் துணிக்கு நாடு ஒரே வாரத்தில் விதி செய்தது. ஆயுதத்தோடு வந்தவர்களின் முகங்களை வருடக்கணக்கில் மறைத்த கண்ணாடிக்கு அந்த அவசரம் ஏன் வரவில்லை? இது ஒரு சமூகத்துக்கும் இன்னொரு சமூகத்துக்கும் இடையிலான வழக்கு அல்ல. மறைவு யாருக்குத் தேவை, வெளிச்சம் யாருக்குத் தேவை என்ற வழக்கு. பலமில்லாதவருக்கு மறைவு பாதுகாப்பு. பலமுள்ளவர் மறைந்தால் அது ஆபத்து.

சரி, இப்போது டின்ட் அடிப்பதா வேண்டாமா?

அடிக்கலாம். நம் வெயிலுக்குத் தேவைதான். சித்திரைப் புதுவருட நாட்களில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கிறது, ஓகஸ்ட் கடைசியிலும் அப்படியே. பண்ணையிலும் வாணர் தாம்போதியிலும் இருபுறக் கடலின் கூச்சம் வேறு. ஆனால் அறிவோடு தெரிவு செய்வோம்.

முதலாவது, கறுப்பு வேறு, குளிர்ச்சி வேறு. சூரியனிலிருந்து வரும் சக்தியில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர். மலிவான சாயப் பிலிம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் அதிகம் குறைக்கும். வாகனம் இருண்டிருக்கும், சூடு பெரிதாகக் குறையாது. நல்ல செரமிக் பிலிம் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் செங்கீழ்க் கதிரைக் கணிசமாகத் தடுக்கும். ஜப்பான் வானின் தொழிற்சாலைக் கறுப்பும் பெரும்பாலும் நிறம்தான். அதை நம்பி 'சூடு வராது' என்று இருக்க வேண்டாம்.

இரண்டாவது, கழியூதாக் கதிர். முன்கண்ணாடி இரண்டு தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது, அது கழியூதாவைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். பக்கக் கண்ணாடி ஒற்றைத் தகடு, அதனூடாக ஒரு பங்கு உள்ளே வரும். 28 வருடம் லொறி ஓட்டிய ஒரு அமெரிக்கச் சாரதியின் முகத்தில் யன்னல் பக்கம் மட்டும் தோல் சுருங்கிப் போயிருந்த படத்தை 2012இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. அவருக்கு இடப்பக்கம். இங்கே நமக்கு வலப்பக்கம். ஹயரிங் ஓடும் தம்பிமார் தங்கள் வலக்கையைப் பார்த்தால் புரியும். கழியூதாவைத் தடுக்கப் பிலிம் கறுப்பாக இருக்கத் தேவையில்லை, தெளிவான பிலிமும் அதைச் செய்யும்.

மூன்றாவது, வீதக் கணக்கு. 70 என்றால் நூற்றில் 70 பங்கு ஒளி உள்ளே போகும் என்று பொருள். எண் குறையக் குறைய இருட்டு. ஆனால் கண்ணாடியும் கொஞ்சம் ஒளியைக் குறைக்கும். கண்ணாடி 78 விட்டு, பிலிம் 70 விட்டால், மொத்தம் 55 அளவில்தான் வரும். 50 பிலிம் போட்டால் 39. இரவில் தெருவிளக்கு இல்லாத நம் வீதிகளில் மாடும் சைக்கிளும் குறுக்கே வரும்போது இந்த வித்தியாசம் ஒரு உயிர். சாரதியின் பக்கக் கண்ணாடிக்கு 70க்குக் குறைய வேண்டாம் என்பது நம் ஆலோசனை. முன்கண்ணாடியில் கறுப்பு வேண்டவே வேண்டாம். ஒட்டுவதற்கு முன் பொலிஸ் போக்குவரத்துப் பிரிவில் இப்போதைய விதியைக் கேட்டுவிடுங்கள்.

நான்காவது, கடையில் ஒரு சிவப்பு விளக்கை வைத்து "கையைப் பிடித்துப் பாருங்கள், சூடே இல்லை" என்று காட்டுவார்கள். அந்த விளக்கின் சக்தி பெரும்பாலும் செங்கீழ்க் கதிர். சூரியனில் அது பாதிதான். ஆகவே 'செங்கீழ் தடுப்பு 90' என்ற எண்ணை மட்டும் பார்க்காமல், மொத்தச் சூரிய சக்தியில் எவ்வளவு தடுக்கிறது என்ற எண்ணைக் கேளுங்கள்.

ஐந்தாவது, ஒட்டும் வேலை. பிலிமுக்கு முதல் எதிரி தூசி. சோளகக் காற்று வீசும் மாதங்களில் திறந்த இடத்தில் ஒட்டினால் மணல் பிலிமுக்குள் போய்விடும். மூடிய கொட்டிலில், காற்று எழும்ப முன் காலையில் செய்யுங்கள். இரண்டாவது எதிரி நம் கிணற்றுத் தண்ணீர். சவர்க்காரத் தண்ணீர் தெளித்துத்தான் பிலிமை நகர்த்தி ஒட்டுவார்கள். உவர் தண்ணீர் காய்ந்தால் உள்ளே வெள்ளைப் புள்ளி நிற்கும். மழைத் தண்ணீரோ போத்தல் தண்ணீரோ பாவியுங்கள். வளைவான பின்கண்ணாடிக்குச் சூடுகாற்று பிடித்துப் பிலிமைச் சுருக்கி, ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ள வேண்டும். நல்ல கைக்காரரிடம் கொடுங்கள். ஒட்டியபின் நாலைந்து நாள் ஷட்டரை இறக்கக் கூடாது. சிறு நீர்க்கொப்புளங்கள் தானாகக் காயும், நகத்தால் குத்த வேண்டாம். அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் பிலிமுக்கு ஆகாது.

மலிவுச் சாயப் பிலிம் சில வருடத்தில் ஊதா நிறமாகிக் கொப்பளிக்கும். அதைச் சுரண்டும்போது பின்கண்ணாடியின் சூடேற்றும் கோடுகள் அறுந்துபோகும். ஒருமுறை கொஞ்சம் கூடச் செலவழித்து நல்லதைப் போடுவது இலாபம்.

கடைசியாக

நம் தீவுகளில் இன்னமும் ஒரு தாய் வாசலில் இருக்கிறார். அவர் கதவுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி வாகனம் நின்றால் அவருக்குள் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அவருக்காகவாவது சாரதியின் முகம் தெரியும் கண்ணாடியோடு ஓடுவோம். வீட்டு வாசலில் நின்றதும் ஷட்டரை இறக்கி ஒரு சலாமோ வணக்கமோ சொல்லுவோம். பின் ஆசனத்தில் இருக்கும் பெண்களுக்கு மறைவு வேண்டுமென்றால், கம்பியில் ஒரு சீலை போதும். தேவையானபோது இழுக்கலாம், தேவையில்லாதபோது விலக்கலாம். பிலிமுக்கு அந்த வசதி இல்லை.

திரை கட்டிய பழைய கார், வண்டில் படங்கள் உங்கள் வீட்டு அல்பங்களில் இருந்தால் கீழே போடுங்கள். தமிழ் உறவுகளும் முஸ்லிம் உறவுகளும் சேர்ந்து வைத்திருக்க வேண்டிய வரலாறு அது. நம் பிள்ளைகளுக்கும் காட்டுவோம்.

வீதிகளில் எல்லோருக்கும் பாதுகாப்பான பயணம் அமைய துஆச் செய்கிறோம்.